சூரிய விளக்கின் விலையும் என் அத்தையின் கல்யாணமும்

கண்ணு,

நீ முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது உன் பெட்டியைத் திறந்தேன். துணி அடுக்கத்தான் திறந்தேன். ஆனால் மேலாக வைத்திருந்த அந்த வழவழப்பான காகிதத்தைப் படிக்காமல் மூட முடியவில்லை. அச்சடித்த எதையும் படிக்காமல் விடமுடியாத பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உண்டு என்பது உனக்குத் தெரியும். மளிகைக் கடையில் பருப்புக் கட்டிக்கொடுத்த தாளைக்கூட மடிப்பு நீவிப் படித்துவிட்டுத்தான் போடுவேன். உன் கம்பெனிக் காகிதத்தில் ஒரு மொட்டைமாடி. அதன்மேல் வரிசையாக நீலத் தகடுகள். பக்கத்தில் ஓர் அப்பா, ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகள், எல்லாரும் வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கீழே பெரிய எழுத்தில் விலை. விலைக்குப் பக்கத்தில் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு சின்ன நட்சத்திரம். எனக்கு அந்த நட்சத்திரத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. அதன் ஜோடியைத் தேடினேன். காகிதத்தின் அடியில், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே வைத்துப் பார்த்தால்தான் தெரியும் எழுத்தில் ஒரு வரி இருந்தது: கூரையின் தன்மை, நிழல், கம்பியின் நீளம், தாங்கும் சட்டத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து விலை மாறுபடும்.

அந்த ஒரு வரியில் ஒருகாலத்தில் என் அத்தையின் கல்யாணம் மாட்டிக்கொண்டது. நீ கோயம்புத்தூருக்குப் போய், முன்பின் தெரியாதவர்களின் வாசலில் நின்று, சூரிய மின்சாரத்துக்கு விலை சொல்லப்போகிறாய். அவர்கள் உன்னைச் சந்தேகப்படுவார்கள். அந்த வாசலில் நான் இருந்தால் நானும் சந்தேகப்படுவேன். அதனால் பஸ் ஏறுவதற்குள் இதை உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நேரில் சொன்னால் நடுவில் போன் வந்துவிடும் உனக்கு.

எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை ஒரு நாடு என்போம். எங்கள் ஊர் வளப்பூர் நாட்டில், பஸ் நிற்கும் ரோட்டிலிருந்து பலா மரங்களுக்கிடையே இறங்கிப் போனால் வரும் சில வீடுகள். கரண்ட் கம்பி ரோட்டோடு நின்றுவிட்டிருந்தது. ரோட்டுக் கடையின் ரேடியோ எங்களுக்குக் கேட்கும். அந்தக் கடையின் விளக்கு தெரியாது. தொண்ணூறுகளின் கடைசி அது. நான் பத்தாம் வகுப்புக்குப் போக இருந்தேன். மண்ணெண்ணெய் விளக்கில் படித்துப் படித்து மூக்கு ஓரமெல்லாம் கரியாகி, காலையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னை ‘மீசைக்காரி’ என்பார்கள். வீட்டில் என் அப்பா, அம்மா, அதாவது உன் அப்புச்சியும் அம்மாயியும், பிறகு அப்பாவின் தங்கை மல்லிகா அத்தை. நீ அவளோடு அதிகம் பழகியதில்லை. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அப்பாதான் அவளை வளர்த்தார். தங்கை என்று பேர், ஆனால் மூத்த மகளைப்போலத்தான். அவளுக்குக் குண்டனி நாட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை அமைந்தார். பேர் சந்திரன். ஐ.டி.ஐ. முடித்து, நாமக்கல்லில் சூரிய விளக்கு விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தார். எங்கள் மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசப் பணம் கட்டுவார்கள். அதைக் கட்டிப் பேச்சு முடிந்தது. அவர்கள் வீட்டில் ஒரு துக்கம் நடந்திருந்ததால், வருஷம் திரும்பித் தை மாதம் கல்யாணம் என்று வைத்தார்கள். அத்தைக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவர் வரும் நாட்களில் மட்டும் முற்றத்தை இரண்டு முறை பெருக்குவாள்.

விளக்குப் பேச்சை எடுத்தது அப்பாதான், மாப்பிள்ளை இல்லை. இதை நீ முக்கியமாகக் கவனி. மிளகுக்கு நல்ல விலை இருந்த காலம். கையில் கொஞ்சம் பணம் இருந்தது. கல்யாணத்தன்று முற்றத்தில் வெளிச்சம் வேண்டும், பாப்பாவும், அதாவது நானும், படிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பஸ் ஸ்டாப்பில் மாப்பிள்ளையைப் பிடித்துக் கேட்டார்.

“ஏன் மாப்ள, ஒரு ஊட்டுக்கு எத்தன ஆகும்?”

“ஒம்பதாயிரத்துக்குள்ள முடிச்சரலாமுங்க மச்சான்,” என்றார் அவர். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்ன விலை அது. வீட்டைப் பார்க்காமல், கூரையைப் பார்க்காமல், அப்பா மனம் நோகக்கூடாது என்று சொன்ன விலை. அப்பா அந்த ஒன்பதாயிரத்தை வீடு வரை சுமந்துகொண்டு வந்தார். அன்றிலிருந்து அதுதான் அவருக்குச் சரியான விலை. அதற்குமேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் திருட்டு.

மறு வாரம் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்தார். அவர் வீட்டை ஒருமுறை சுற்றினார், விலை ஏறியது. இன்னொருமுறை சுற்றினார், மறுபடியும் ஏறியது. நான் நோட்டும் பென்சிலுமாகப் பின்னாலேயே போனேன். நியாயமாகச் சொன்னால் அவர் சொன்ன காரணங்களில் ஒன்றும் பொய்யில்லை. எங்கள் வீடு புல்லுக் கூரை. தகட்டை அதன்மேல் வைத்தால் காற்றில் கூரையோடு போய்விடும், அதனால் தனியாக ஓர் இரும்புக் கம்பம் நட வேண்டும். கம்பத்தை வாசலில் நடலாம் என்றால் பெரிய பலா மரத்தின் நிழல். மரத்தை வெட்டிவிடலாமா என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

“அந்த மரத்துல எத்தன மொளகு ஏறியிருக்குதுன்னு தெரியுமா மாப்ள? உன்ற பிளேட்டு வெலைக்கு மேல போகும்,” என்றார் அப்பா.

அதனால் கம்பம் வீட்டுக்கு மேலிருந்த எங்கள் மேட்டுக் காட்டு நிலத்தில் திறந்த இடத்துக்குப் போனது. கம்பம் தள்ளிப் போனதும் கம்பி நீண்டது. நீண்ட கம்பியில் கரண்ட் வழியிலேயே சோர்ந்துவிடுமாம், அதற்குத் தடித்த கம்பி வேண்டும். தடித்த கம்பிக்கு விலை அதிகம். பிறகு அவர் வானத்தைப் பார்த்தார். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் மலையில் மூடுபனி இறங்கினால் சூரியனையே பார்க்காமல் நாட்கள் போகும். அந்த நாட்களுக்குச் சேர்த்து வைக்கப் பெரிய பேட்டரி வேண்டும். கூட்டிப் பார்த்தால் பதினாலாயிரத்தைத் தாண்டியது. சூரியன் இலவசம்தான் கண்ணு. அதைப் பிடித்து, தூக்கிக்கொண்டு வந்து, வீட்டுக்குள் வைப்பதற்குத்தான் அத்தனை விலையும். அந்த விலை வீட்டுக்கு வீடு மாறும். ஒரே மாதிரித் தகடுதான், ஒரே கடைதான். ரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவிலிருந்த ஓட்டு வீட்டுக்காரருக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஆனது. இது பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார்.

எங்கள் வீட்டில் தெரிந்தது இப்படி. அம்மா முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “பரிசப் பணத்த முன்வாசல்ல குடுத்துட்டு, பின்வாசல் வழியா எடுத்துக்கிட்டுப் போறாரு உங்க மாப்ள.”

“சும்மா இரு,” என்றார் அப்பா.

“நான் சும்மாத்தான் இருக்கறனுங்க. நம்ம காசுதான் சும்மா இருக்க மாட்டேங்குது.”

அம்மா சொன்னது பாதி கேலிதான். ஆனால் அப்பா அடுத்த முறை மிளகு போட பேளுக்குறிச்சி சந்தைக்கு இறங்கியபோது, அதை மடியில் கட்டிக்கொண்டுதான் போனார். சந்தையோரத்தில் டார்ச் லைட்டும் ரேடியோவும் விற்கும் ஒருவர், சூரிய விளக்கா, ஐயாயிரம் கொடுத்தால் நாளைக்கே தருகிறேன் என்றாராம். அப்பா திரும்பி வந்து வேட்டியைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஐயாயிரத்துத் தகடு ஒரு புத்தக அளவுதான் இருக்கும், ஒரே விளக்குதான் எரியும், கூடக் கொடுப்பது கார்ப் பேட்டரி, அது தினமும் சார்ஜ் இறங்கி ஏறினால் அதிக நாள் தாங்காது என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்பா விலையைக் கேட்டார், அளவைக் கேட்கவில்லை. இரண்டு விலைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய விலை சொன்னவன் எப்போதும் திருடனாகத்தான் தெரிவான். உன்னிடம் ஒருவர் “அங்கே குறைவாகச் சொன்னாங்களே” என்று கேட்டால் கோபப்படாதே. எவ்வளவு பெரிய தகட்டுக்கு, எந்தப் பேட்டரியோடு, எத்தனை வருஷப் பொறுப்போடு என்று அவரோடு சேர்ந்து உட்கார்ந்து கேள்.

ஆனால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பங்குனியில் சாமான்கள் மலையேறின. தகடு பஸ்ஸின் மேலே வந்தது. பேட்டரியில் ஆசிட் இருப்பதால் சாய்க்கக்கூடாது என்று மாப்பிள்ளை அதை அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். கண்டக்டர் அதற்குத் தனி லக்கேஜ் போட்டாராம். இரண்டு நாளில் கம்பம் நின்றது, கம்பி இழுத்தாயிற்று. தகட்டைத் தெற்குப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்து வைத்தார். “மேல நெழல் மட்டும் படக்கூடாதுங்க மச்சான்,” என்று சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டார், மேட்டுக்காட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளையையும் கழித்துவிட்டார். அன்று சாயங்காலம் விளக்குப் போட்டபோது, எங்கள் வீட்டின் உள்சுவரில் இத்தனை விரிசல் இருக்கிறது என்று எனக்கு முதல்முதலாகத் தெரிந்தது. அம்மா விளக்கைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துவிட்டு, “சாணி போட்டு மெழுகோணும்,” என்றாள். நான் அடுத்த வருஷப் பாடப் புத்தகத்தை யாரிடமோ கடன் வாங்கி, அந்தக் கோடை விடுமுறையிலேயே முழுதும் படித்துவிட்டேன்.

இனி அந்தக் கம்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் நிற்கிற எதையும் சும்மா விடமாட்டோம். பலா மரம் நின்றால் அதில் மிளகு ஏறும். வேலிக்கு நட்ட கொம்பு துளிர்த்தால் அதிலும் ஏதாவது ஏறும். மேட்டுக் காட்டில் வழவழவென்று ஓர் இரும்புக் கம்பம் ஒன்றும் சுமக்காமல் நிற்பது அப்பாவின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. “இந்தக் கம்பத்துக்கு மட்டும் என்ன வெல போட்டான் தெரியுமா?” என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். இரும்பு வெயிலில் சுடும், மிளகுக் கொடி ஒட்டாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஆடி மழையில் கம்பத்தைச் சுற்றிப் பழைய சாக்கைக் கட்டி, அடியில் அவரை விதை போட்டார். கொடுத்த காசுக்குக் காயாவது கிடைக்கட்டும் என்று. அவரை நன்றாக வந்தது. புரட்டாசியில் கம்பத்தைக் காணோம். பச்சைத் தூண் ஒன்றுதான் நின்றது. ஊதாப் பூவாகப் பூத்தது. கீழே நின்று பார்த்தால் தகட்டின் முதுகுதான் தெரியும், அதன் விளிம்பில் கொடி அழகாகத் தொங்கும். மேலே முகம் எப்படி இருக்கிறது என்று ஏணி வைத்து ஏறிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நிழல் என்றால் மரத்தினுடையது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவரை இலைக்கு நிழல் இருக்கிறது என்று யார் நினைப்பார்கள்?

ஐப்பசி பிறந்ததும் விளக்கு சீக்கிரமே அணைய ஆரம்பித்தது. முதலில் பனி என்றோம். பனி விலகி வெயில் அடித்த நாட்களிலும் சோறு உண்டு முடிப்பதற்குள் அணைந்தது. அந்த ஓட்டு வீட்டில் மட்டும் அதே கடை விளக்கு ஜம்மென்று எரிந்தது. நான் மறுபடியும் மண்ணெண்ணெய்க்குத் திரும்பினேன், மீசை திரும்ப முளைத்தது. அரைப்பரீட்சை வந்துகொண்டிருந்தது. ஆனால் வீட்டில் என் படிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லார் பேச்சும் மாப்பிள்ளையைப் பற்றித்தான்.

“பழைய பேட்டரிக்குப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்திருப்பாங்க,” என்றாள் அம்மா.

“பெரிய பேட்டரின்னு சொல்லி வெல ஏத்துனது எதுக்குன்னு இப்பத்தான தெரியுது,” என்றார் அப்பா. “மாப்ளைன்னு நம்புனோம் பாரு.”

ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் பழையதெல்லாம் தானாக எழுந்து வந்து சாட்சி சொல்லும். அவர் டீயில் சர்க்கரை வேண்டாம் என்றது, பேசும்போது கீழே பார்ப்பது, பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தது எல்லாமே கள்ளனின் அடையாளமாயிற்று. நானும் உத்தமியில்லை. கடையின் பேர் அச்சடித்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி, அடியில் வேறு பேர் இருக்கிறதா என்று பார்த்தேன். அத்தை மட்டும் எதுவும் பேசவில்லை. ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் என்னைக் கேட்டாள்.

“பாப்பா, புஸ்தகத்துல போட்டிருக்குமில்ல, நல்ல பேட்டரி எது கெட்டது எதுன்னு?”

“இல்லீங்கத்த. அதெல்லாம் போடல.”

“அப்புறம் என்னத்துக்குத்தான் படிக்கற?” என்று சிரித்தாள். பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “அண்ணன் இந்தக் கல்யாணப் பேச்ச நிறுத்திப்போடும்னு எனக்குப் பயமா இருக்குது. அந்தாளு திருடனா இருந்தாலும் பயமா இருக்குது. இல்லாட்டியும் பயமா இருக்குது.”

மார்கழியில் அப்பா சொல்லியனுப்பி மாப்பிள்ளை வந்தார். பனி விலகி நல்ல வெயில். அப்பா விறைப்பாக முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார், வாங்க என்று சொல்லவில்லை. அம்மா தண்ணீர் கொடுத்தாள், ஆனால் உட்காரப் பாய் போடவில்லை. அத்தை கதவுக்குப் பின்னால்.

“எத்தன அடிச்ச மாப்ள?” என்றார் அப்பா.

“என்னதுங்க மச்சான்?”

“எங்ககிட்ட எத்தன ரூபா அடிச்சேன்னு கேக்கறேன்.”

அவர் முகம் கறுத்துவிட்டது. பையைத் திறந்து, கரண்டை அளக்கும் ஒரு மீட்டரை எடுத்தார். பேட்டரியைப் பார்த்தார். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக் காட்டுக்குப் போனார். ஏணியைப் பிடித்துக்கொள்ள நான் போனேன். அவர் மேலே ஏறி, தகட்டின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கொடியின் நுனிகள் விளிம்பைத் தாண்டி உள்ளே ஏறி, நீலக் கட்டங்களின் கீழ்வரிசையில் பாய் விரித்த மாதிரிப் படுத்திருந்தன என்பது, அவர் ஒதுக்கிக் கீழே போட்ட இலைகளின் அளவிலிருந்தே எனக்குத் தெரிந்தது. இலைகள் என் தலையிலேயே விழுந்தன. அவர் மேலிருந்து முற்றத்தைப் பார்த்தார். அங்கே அப்பா கைகட்டி நின்றிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டிருந்தார்கள். அவர் கொடியை அமைதியாக மடக்கிப் பின்பக்கம் கட்டிவிட்டு இறங்கினார். முற்றத்துக்கு வந்து, கீழே பார்த்தபடி சொன்னார்:

“ஒயரு ஒண்ணு கழண்டிருந்துச்சுங்க மச்சான். மாட்டிட்டேன். என்ற தப்புதான்.”

ஊரார் முன்னால் மச்சானைத் தலைகுனிய வைக்கக்கூடாது என்று அவர் சொன்ன பொய் அது. அது அப்பாவின் காதில் எப்படி விழுந்தது தெரியுமா? அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களின் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கிட்டீங்களா? அவனே ஒத்துக்கிட்டான்.” பிறகு மாப்பிள்ளையிடம் சொன்னார்: “இத்தோட போதும். உன்ற பரிசப் பணத்த நாளைக்கே திருப்பிக் குடுத்தர்றேன். எந்தங்கச்சிய வேற எடத்துல குடுத்துக்கறேன்.”

மாப்பிள்ளை பையின் ஜிப்பைப் போட ஆரம்பித்தார். அந்தப் பொய்யை அவர் கடைசிவரை காப்பாற்றிக்கொண்டு மலையிறங்கிப் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது. என் தலைமுடியில் இன்னும் இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஒயரு கழலலீங்கப்பா,” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. “நம்ம அவரக்கொடிதான் மேல மூடியிருந்துச்சு. மாமா இப்பத்தான் ஒதுக்கிவிட்டாரு.”

“நாலு எல பட்டா பிளேட்டு கெட்டுப்போயிருமாக்கும்?”

நான் பாடம் ஒப்பிப்பது போலவே ஒப்பித்தேன். அந்தக் கட்டங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தவை, தொடர் இணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் போகும், ஒன்றை மூடினால் மற்றவையும் சோர்ந்துபோகும். அப்பாவுக்கு ஒரு சொல்லும் ஏறவில்லை. நான் இன்னும் உரக்க, இன்னும் சுத்தமான தமிழில் சொன்னேன், அப்போதும் ஏறவில்லை. அந்த நேரத்தில்தான் அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

“அண்ணா, நீங்களே ஏறிப் பாருங்க,” என்றாள். மாப்பிள்ளை பக்கம் திரும்பாமலே, “அந்த மீட்டர மாட்டிக் குடுங்க,” என்றாள். அவர் தகட்டிலிருந்து வரும் கம்பியில் அதை மாட்டிக் கொடுத்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். அத்தை வாசலில் உட்கார்ந்து மீட்டரின் முள்ளைப் பார்த்தாள்.

“ஒரு எலைய வெய்யுங்க அண்ணா!”

“வெச்சிட்டேன்!”

“எறங்குது!”

“ஒரே எலதான் கண்ணு வெச்சிருக்கறேன்!”

“பாதிக்கும் கீழ எறங்கிருச்சு! எடுத்துப் பாருங்க!”

“எடுத்துட்டேன்!”

“ஏறுது அண்ணா!”

அப்பா விடவில்லை. இலையை இங்கே வைத்தார், அங்கே வைத்தார், உள்ளங்கையை வைத்தார். அத்தை கத்திக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் கத்துவதற்கு முன்பே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனாலும் இறங்காமல், கொடியை வேரோடு இழுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்கினார். பிஞ்சும் பூவுமாகக் கிடந்த அதைத் தாண்டி வந்து, மாப்பிள்ளை முன்னால் நின்றார். மன்னிப்புக் கேட்க அவருக்கு வரவில்லை.

“ஏன் மாப்ள, மேலேயே வெச்சுச் சொல்லியிருக்கலாமில்ல?”

“எப்பிடிங்க மச்சான் சொல்றது…”

விஷயம் முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். அம்மா பாய் எடுத்துவரப் போனாள். அத்தைதான் விடவில்லை. எழுந்து அவர் எதிரில் வந்து நின்றாள். கல்யாணப் பேச்சு முடிந்த பிறகு அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

“அண்ணன் மனசு நோகும்னு பொய் சொன்னீங்க. நாளைக்கு என்ற மனசு நோகும்னும் சொல்லுவீங்க. அப்ப எது நெசம்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் மீட்டரின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“ஒண்ணு கேக்கறேன். அதுக்கு மட்டும் நெசத்தச் சொல்லுங்க. இந்த வெளக்குல உங்களுக்கு எத்தன?”

அப்பா, “வேண்டாங்கண்ணு,” என்றார். அம்மா பாயோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். இந்தக் கேள்வியைத்தான் வீடு முழுக்க மாதக்கணக்கில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவர் முகத்துக்கு நேரே யாரும் கேட்டதில்லை.

“எட்டுநூறு ரூபா,” என்றார் அவர். “கடையில குடுக்கற கமிஷன்.”

“எங்க ஊடுன்னு கொறச்சீங்களா?”

“இல்ல. கொறைக்கல.”

“கூட்டுனீங்களா?”

“கூட்டவும் இல்ல. எல்லார்த்துக்கும் அதேதான். மாமியா ஊட்டுல கமிஷன் வாங்குனேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால சொல்லல.”

“அந்தக் காசு எங்க?”

அவர் தன் காலைப் பார்த்தார். “செலவாயிருச்சு. பேண்ட்டு தெச்சுப்போட்டேன். இதுதான்.”

எல்லாரும் அந்தப் பேண்ட்டைப் பார்த்தோம். சாம்பல் நிறம், கத்தி மாதிரி மடிப்பு, முட்டியில் அவரை இலையின் பச்சைக் கறை. அம்மாதான் முதலில் பேசினாள்: “துணி நல்ல துணியாத்தான் இருக்குது.”

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு அத்தையைக் கேட்டார். “என்ன சாமி சொல்ற? உன்ற இஷ்டம்தான்.” எங்கள் சந்தேகம் முழுக்கப் பொய்யும் இல்லை, முழுக்க மெய்யும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மறைத்தது ஒன்று இருக்கத்தான் இருந்தது. அது நாங்கள் பயந்த அளவு பெரிதாக இல்லை, அவ்வளவுதான். அத்தை அவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பதிலால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை. நல்ல பேர் எடுக்க நினைக்கிறவன் அப்படியொரு பதில் சொல்லமாட்டான். அதனால்தான் அவள் அதை நம்பினாள் என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

“தை மாசமே இருக்கட்டுங்கண்ணா,” என்றாள். பிறகு உள்ளே போகத் திரும்பியவள் நின்று சொன்னாள்: “ஆனா பந்தலுக்கு லைட்டு வேற ஆளுகிட்டச் சொல்லுங்க.”

அப்பா சிரித்த சிரிப்பு மேட்டுக் காடு வரை கேட்டிருக்கும். மாப்பிள்ளையும் சிரித்தார், காது மடல் சிவந்திருந்தது. தையில் கல்யாணம் நடந்தது. பந்தலில் வாடகைக்கு எடுத்த பெட்ரோமாக்ஸ்கள் உஸ்ஸென்று எரிந்தன. அந்த வாடகைக்குப் பேரம் பேசப் போனது மாப்பிள்ளையேதான், அப்பாவைக் கூட வைத்துக்கொண்டு.

நீ போகும் இடத்தில் புல்லுக் கூரை இருக்காது. மொட்டைமாடியும், மாடியில் தண்ணீர்த் தொட்டியும், பக்கத்தில் எழும்பும் புது அடுக்குமாடியின் நிழலும் இருக்கும். அரசாங்க மானியம் முதலிலா பிறகா என்று கேட்பார்கள். சட்டத்தை உயரமாகப் போட்டால் ஏன் விலை ஏறுகிறது என்று கேட்பார்கள். வாசலில் நின்றபடி விலை சொல்லாதே, மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டுச் சொல். அவர்கள் மனம் நோகாமல் இருக்கட்டும் என்று குறைத்துச் சொல்லாதே. ஏறுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் அது எங்கே போகிறது என்று கையால் தொட்டுக் காட்டு. தப்பு அவர்களுடையதாக இருந்தாலும் அதை உன் தப்பு என்று சொல்லாதே. அதை அவர்கள் பணிவு என்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள், ஒப்புதல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். காத்திருந்து, தனியாக, மெதுவாக உண்மையைச் சொல்.

இன்னும் ஒன்று. வேலை கிடைத்த அன்று நீ சம்பளம் எவ்வளவு என்று சொன்னாய். உன் அப்பா கேட்டு சந்தோஷப்பட்டார். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விலை சொல்லும் வேலையில் சம்பளம் மட்டும் இருக்காது என்று எனக்குத் தெரியும். அதில் உனக்கு எத்தனை என்று நீ இன்னும் சொல்லவில்லை. பெட்டியை மூடிவிட்டேன், இட்லிப்பொடி வலது ஓரத்தில் இருக்கிறது. பஸ் ஏறுவதற்கு முன் என் எதிரில் நின்று சொல்லிவிட்டுப் போ.

உன் அம்மா